பெட்ரோலில் ஓடும் நடமாடும் மர அறுவை மில்: வடஆற்காட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோப்பில் விழுந்த மரத்தை லாரி பிடித்து மரவாடிக்கு அனுப்பினால், ஏற்றுக்கூலியும் வாடகையுமே மரத்தின் விலையைத் தின்றுவிடும். அதனால்தான் எந்திரத்தையே மரம் கிடக்கும் இடத்துக்கு இழுத்துப் போய் அறுக்கும் சின்ன பேண்ட்சா மில் மீது பலருக்கு ஆசை வருகிறது. வேலூர் மாவட்டம் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானாலும் எங்களுக்கு எல்லாமே வடஆற்காடுதான். இந்தப் பக்கத்தில் மில் வாங்கியவர்களும் வாங்க யோசிப்பவர்களும் கேட்பவற்றில், பாதுகாப்பைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

இந்த எந்திரம் எப்படி வேலை செய்கிறது? ஆபத்து எங்கே இருக்கிறது?

தரையில் இரண்டு இரும்புத் தண்டவாளங்கள். அவற்றுக்கு நடுவில் மரம் அசையாமல் படுத்திருக்கும். மேலே ஒரு தள்ளுவண்டியில் பெட்ரோல் எஞ்சினும் இரண்டு சக்கரங்களும் இருக்கும். அந்தச் சக்கரங்களைச் சுற்றி வளையமாக ஓடுவதுதான் ரம்பப் பிளேடு. பிளேடின் அகலம் பெரும்பாலும் 1¼ முதல் 1½ அங்குலம், தடிமன் 1 மில்லிமீட்டர் அளவு. ஓடும்போது நொடிக்கு 25 மீட்டரை ஒட்டிப் போகும். ஒருவர் வண்டியைத் தள்ளத் தள்ளப் பலகை விழும்.

வட்ட ரம்பம் மாதிரி மரத்தை ஆள் மேல் தூக்கி எறியும் குணம் இதற்குக் குறைவு. அதுவே பலருக்கு அசட்டையைக் கொடுத்துவிடுகிறது. பிளேடு மரத்துக்குள் ஓடும்போது யாரும் கையை விடுவதில்லை. விபத்து பெரும்பாலும் நடப்பது அதற்கு முன்னும் பின்னும்தான். மரத்தை ஏற்றும்போது உருண்டு வரும். அறுத்து முடித்துத் திராட்டிலைக் குறைத்ததும் 'நின்றுவிட்டது' என்று நினைத்துத் தூளைத் தட்டக் கை போகும். கிளட்ச் விட்ட பிறகும் சக்கரத்தின் வேகத்தில் பிளேடு கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எஞ்சின் சத்தத்தில் பிளேடின் ஓட்டம் காதில் விழாது. வேகமாக ஓடும் பிளேடு பல் தெரியாமல், நின்ற மாதிரியே கண்ணுக்குத் தெரியும். எஞ்சினை அணைத்து, பிளேடு நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். கீழே நான் சொல்லப்போவதில் பாதி இந்த ஒன்றில் அடங்கும்.

இன்னொன்று. எஞ்சின் மெதுவாகச் சும்மா ஓடும்போது பிளேடு நகரவே கூடாது. நகர்ந்தால் ஐடிலிங் அதிகம், அல்லது கிளட்ச் ஒட்டுகிறது. அதைச் சரி செய்யாமல் ஒரு கட்டையும் அறுக்க வேண்டாம்.

சக்கரம் வைத்த வண்டிதானே, இதற்கும் வனத்துறை உரிமம் வேண்டுமா?

நகரும் எந்திரம் என்பதால் சட்டம் நம்மைத் தொடாது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். காடுகளைக் காப்பது பற்றிய கோதவர்மன் வழக்கில் 1996 முதல் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவுகளுக்குப் பிறகு, மர அறுவை மில்கள் நாடு முழுக்கக் கண்டிப்பான கட்டுப்பாட்டில் இருக்கின்றன. 2016-ல் மத்திய அரசு மரத்தொழில்களுக்கென்று வழிகாட்டு நெறிகளும் போட்டது. எந்திரத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் மாவட்ட வன அலுவலகத்தில் எந்திரத்தின் விவரத்தை எழுதிக் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். சந்தனமும் செம்மரமும் உங்கள் பட்டா நிலத்திலேயே நின்றாலும் வனத்துறையை விட்டு நீங்களாகத் தொடக் கூடாது. பனை மரம் வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. யாராவது ராத்திரி நேரத்தில் கட்டை கொண்டுவந்து 'சீக்கிரம் அறுத்துக் கொடுங்கள்' என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

எந்த மாதிரி இடத்தில் நிறுத்தலாம்?

கெட்டியான, சமமான தரை. பாலாறு, பொன்னையாற்று ஓரக் கொல்லைகளில் மேல்மண் மணலாக இருக்கும். காலையில் மட்டம் பார்த்து வைத்தாலும் இரண்டு பெரிய கட்டை ஏறியதும் ஒரு கால் புதைந்துவிடும். தண்டவாளம் முறுகினால் பிளேடு நேராக ஓடாது, கட்டையும் பிடியை விட்டு நழுவும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் அகலமான பலகைத் துண்டு போட்டு, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். முதல் கட்டை ஏறிய பிறகு மறுபடியும் ஒரு தடவை பாருங்கள். இழுவைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்க வேண்டும்.

தூள் வெளியே வரும் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. பிளேடு அறுந்தாலும் உடைந்த பல் பறந்தாலும் அந்தத் திசையில்தான் வரும். மாட்டுக் கொட்டகைக்குள்ளோ மூடிய தகரக் கூரைக்குள்ளோ எஞ்சினை ஓட்டவே கூடாது. பெட்ரோல் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தெரியும்போது எழுந்து வெளியே போகக்கூட உடம்பு கேட்காது.

லுங்கி கட்டிக்கொண்டு வேலை செய்யலாமா?

கூடாது. வேட்டியும் கூடாது. தோளில் துண்டு, தளர்ந்த முழுக்கை, கையில் கட்டிய கயிறு, கழுத்தில் தொங்கும் செயின் எதுவும் வேண்டாம். பலகை தூக்க வரும் பெண்கள் சேலை மேல் சட்டை போட்டு, முந்தானையை உள்ளே செருகிக்கொள்ள வேண்டும். நீளமான பேன்ட், உடம்போடு ஒட்டிய சட்டை, முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ, கண்ணாடி இவை வேண்டும். தோல் ஷூவுக்கும் தோல் கையுறைக்கும் நாம் வெளியூர் தேடிப் போக வேண்டியதில்லை, ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்திலேயே இருக்கின்றன. கையுறை பிளேடு மாற்றவும் பலகை தூக்கவும்தான். ஓடும் பெல்ட் பக்கத்தில் கையுறை போட்ட கை போகவே கூடாது.

பெரிய கட்டையை எந்திரத்தில் ஏற்றுவது எப்படி? நாலு பேர் தூக்கினால் போதாதா?

தூக்காதீர்கள், உருட்டுங்கள். 2 அடி விட்டமும் 8 அடி நீளமும் உள்ள கட்டை கிட்டத்தட்ட 0.7 கன மீட்டர், அதாவது 25 கன அடி வரும். பச்சைப் புளியாக இருந்தால் 700 கிலோவுக்குக் குறையாது. நாலு பேர் தூக்கும் எடை இல்லை அது.

எந்திரத்தின் பக்கவாட்டில் இரண்டு கெட்டியான சாய்வுச் சட்டங்களைச் சாய்த்து, அவை நழுவாமல் மேல்முனையைப் பிணைத்துக்கொள்ளுங்கள். கட்டையின் நடுவில் கயிறு கொடுத்துச் சுற்றி, மறுபக்கத்திலிருந்து கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சிலோ டிராக்டரிலோ இழுத்தால் தானாக உருண்டு ஏறும். ஏறும் கட்டைக்குப் பள்ளப் பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. ஆள்பலத்தில் தள்ளியே ஆக வேண்டிய சின்னக் கட்டை என்றால் இரண்டு முனையிலும் நின்று கடப்பாரையால் நெம்புங்கள். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஆப்பு வைத்துக்கொண்டே வர வேண்டும். ஏற்றுவதற்கு முன்பே மறுபக்கத்துத் தடுப்புக் கம்பிகளை உயர்த்தி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஏறின வேகத்தில் கட்டை அந்தப் பக்கம் இறங்கிவிடும்.

தரையில் கிடக்கும் கட்டைக்கு அடியில் கையை நுழைக்காதீர்கள். நம் வறண்ட காட்டுப்பக்கம் சுருட்டை விரியனுக்கும் தேளுக்கும் அதைவிட நல்ல நிழல் கிடையாது. முதலில் கடப்பாரையால் புரட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் பக்கத்தில் போங்கள்.

சாலையோரப் புளியமரம் ஏலத்தில் கிடைத்தது. அறுக்கலாமா?

அறுக்கலாம், ஆனால் எல்லாரையும்விட நீங்கள்தான் அதிகமாகப் பயப்பட வேண்டும். நெடுஞ்சாலைப் புளிக்குள் என்ன இல்லை? டியூஷன் விளம்பரத் தகரம் அடித்த ஆணி, கட்சிக் கொடிக்குக் கட்டிய கம்பி, பந்தல் போட அடித்த கொக்கி, ஆடு கட்டிய சங்கிலித் துண்டு. மரம் இவற்றை விழுங்கி மேலே பட்டை மூடிவிடும். பல வருஷத்துக்கு முன் அடித்த ஆணி இப்போது நாலு விரற்கடை உள்ளே இருக்கும். கோயில் வேம்பும், வீட்டு வாசல் மரமும், வேலி ஓரத்துப் புங்கனும் இதே கதைதான்.

அறுக்கும் முன் பட்டையை முழுக்கச் செதுக்கி எடுங்கள். மண்ணும் கல்லும் அதோடு போய்விடும், பிளேடின் கூரும் நிற்கும். தரையிலிருந்து ஓராள் உயரம் வரை உள்ள பகுதியில்தான் இரும்பு அதிகம். அந்தத் துண்டைக் கையடக்க உலோகக் கண்டுபிடிப்பான் வைத்து நாலு பக்கமும் தடவிப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் அந்த அடித்துண்டை விறகுக்குத் தள்ளிவிடுங்கள். ஒரு பலகைக்காக ஒரு கண்ணைப் பணயம் வைக்க வேண்டாம்.

கட்டையின் வெட்டு முகத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் பார்த்தால் மரமே சொல்லிவிடும். இரும்பின் துருவும் மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்த இடத்தில் மை சிந்தினது மாதிரி நீலக்கறுப்புக் கறை படிந்திருக்கும். ஆணியிலிருந்து மேலும் கீழுமாக, மர நரம்பின் போக்கிலேயே அது நீண்டு ஓடும். பலகை விழ விழ அந்தக் கறை கறுத்துக்கொண்டும் அகன்றுகொண்டும் வந்தால் ஆணியை நெருங்குகிறீர்கள். அங்கேயே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, உளியால் தோண்டி எடுத்துவிட்டுத் தொடருங்கள். 'ணங்' என்று சத்தம் வந்தபின் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பல் சிதறிய பிளேடு அடுத்த அடியில் அறுந்து போகும்.

கட்டையைப் பிடிக்கும் கவ்விகளை எவ்வளவு உயரத்தில் வைப்பது?

பிளேடு வரும் மட்டத்துக்குக் குறைந்தது ஓர் அங்குலம் கீழே. ஒவ்வொரு பலகை எடுத்த பிறகும் பிளேடு இறங்கும், கவ்வி இருந்த இடத்திலேயே இருக்கும். கடைசி இரண்டு பலகைக்கு வரும்போதுதான் பிளேடு கவ்வியில் மோதும், அவசரமும் அப்போதுதான் வரும். எஞ்சினைக் கிளப்பும் முன், வண்டியைக் கையால் வெறுமனே ஒருமுறை முழு நீளத்துக்கும் தள்ளிப் பார்த்துவிடுங்கள்.

பாதி அறுக்கும்போது பிளேடு இறுகிக்கொள்கிறது. என்ன செய்வது?

மரத்துக்குள் இருக்கும் இறுக்கம் அது. யூகலிப்டஸில் அதிகம், சாய்ந்து வளர்ந்த எந்த மரத்திலும் வரும். அறுபட்ட வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். எஞ்சின் திணறும் சத்தம் கேட்டதுமே தள்ளுவதை நிறுத்துங்கள், எஞ்சினை அணையுங்கள். பிளேடு ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டியைப் பின்னால் இழுப்பதுதான் பெரிய தவறு. பிளேடு சக்கரத்தை விட்டுக் கழன்று வரும். நின்ற பிறகு அறுபட்ட வாயில் மர ஆப்பை அடித்துத் திறந்துவிட்டு, மெதுவாகப் பின்னுக்கு எடுங்கள். ஆப்பு மரத்திலோ பிளாஸ்டிக்கிலோதான் இருக்க வேண்டும், இரும்பு ஆப்பு வேண்டாம். நீளக் கட்டையில் இரண்டடி அறுத்ததும் பின்னால் ஓர் ஆப்பு வைத்துக்கொண்டே போவது நல்ல பழக்கம். ஒரே பக்கத்தில் பலகை எடுத்துக்கொண்டே போகாமல், கட்டையைத் திருப்பிப் போட்டு மாற்றி மாற்றி எடுத்தால் இறுக்கம் சமமாகத் தளரும்.

பிளேடு மாற்றும்போது முகத்தில் அடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான். எஞ்சினை அணைத்து, ஸ்பார்க் பிளக் ஒயரையும் கழற்றி ஒதுக்கி வையுங்கள். யாராவது தெரியாமல் கயிறை இழுத்தாலும் கிளம்பாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பிளேடை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனை முழுக்கத் தளர்த்திய பிறகுதான் சக்கரத்து மூடியைத் திறக்க வேண்டும்.

மடித்துக் கட்டியிருக்கும் புதுப் பிளேடு சுருள்வில் மாதிரி விரியும். குழந்தைகளையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, திறந்த வெளியில் முகத்துக்கு எதிர்த்திசையில் பிடித்து ஒவ்வொரு சுற்றாக விடுங்கள். பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்து மாட்டி, மூடியைப் பூட்டும் முன் சக்கரத்தைக் கையால் சில சுற்றுச் சுற்றுங்கள். பிளேடு ஒரே இடத்தில் ஓடுகிறதா, முன்னும் பின்னும் நடக்கிறதா என்று தெரியும்.

பழைய பிளேடைத் தூக்கி வைக்கும் முன் துணியால் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இரண்டு பல்லுக்கு நடுவில் உள்ள குழியின் அடியில், மயிரிழை அளவு கறுப்புக் கோடு ஒன்று பிளேடின் முதுகை நோக்கிப் போனால் அது விரிசல். விரலில் தட்டுப்படாது, வெளிச்சம் சாயும்போது மட்டும் தெரியும். அந்தப் பிளேடைச் சாணை பிடிக்கக் கொடுக்காமல் வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

பெட்ரோல் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்? எஞ்சின் ஓடும்போதே ஊற்றலாமா?

1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். இறுக்கமாக மூடிய உலோகப் பாத்திரத்தில் வைக்க வேண்டும், அந்தப் பாத்திரம் 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. தண்ணீர் பாட்டிலும் எண்ணெய் கேனும் இதற்கு ஆகாது.

ஓடும் எஞ்சினிலோ சூடான எஞ்சினிலோ பெட்ரோல் ஊற்றவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய்ச் சூடான சைலன்சரைத் தொடும். பக்கத்தில் மரத்தூள் குவிந்து கிடக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். டீ குடிக்கும் நேரம் வரை ஆறவிட்டு, டேங்கை விளிம்பு வரை நிரப்பாமல் ஊற்றி, சிந்தியதைத் துடைத்து, கேனை தூரமாக வைத்துவிட்டு வந்து கிளப்புங்கள். பீடி, சிகரெட் வேலை இடத்திலேயே வேண்டாம். ஒரு தீயணைப்பானும் இரண்டு பக்கெட் மணலும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பங்குனி, சித்திரையில் காய்ந்த புல் உள்ள இடமாக இருந்தால், எந்திரத்தைச் சுற்றிச் செதுக்கிச் சுத்தம் செய்து தண்ணீர் தெளித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

பிளேடில் பிசின் ஒட்டாமல் இருக்க டீசல் சொட்டவிடுகிறார்களே?

வேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் கலந்த தண்ணீரே போதும்.

கத்திரி வெயிலில் ஓட்டலாமா?

வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது புதிது இல்லை. விடிந்ததும் தொடங்கிப் பத்தரை மணிக்குள் நிறுத்துங்கள். மிச்சத்தைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். வெயிலில் ஆள் தளர்ந்தால் கவனம்தான் முதலில் போகும். மோர், உப்புப் போட்ட கேழ்வரகுக் கூழ், தண்ணீர் எல்லாம் தாகம் எடுக்கும் முன்பே உள்ளே போக வேண்டும்.

எந்திரமும் தளரும். சூட்டில் பிளேடு நீளும், டென்ஷன் குறையும், அலைந்து ஓடும். காலையில் முறுக்கி வைத்ததை நம்பாமல் நாலைந்து பலகைக்கு ஒருமுறை பாருங்கள். வேலை முடிந்ததும் டென்ஷனைத் தளர்த்திவிடுங்கள். எஞ்சினின் சூடு தணிக்கும் தகடுகளுக்கு இடையில் மரத்தூள் அடைத்துக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும். தினமும் அதைத் தூரிகையால் தட்டி, ஆயிலும் பாருங்கள்.

காதுக்கும் மூக்குக்கும் ஏதாவது போட வேண்டுமா? வெளியில்தானே நிற்கிறோம்.

வேண்டும். கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்தச் சத்தம் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க அதில் நின்றால் காது கெடும், கெட்ட காது திரும்பி வராது. மூக்குக்குத் துண்டு கட்டினால் நைசான தூள் நிற்காது, என்-95 முகக்கவசம் போடுங்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. காய்ந்த வாகையை அறுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தத் தும்மல் தெரியும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி எந்திரத்தைத் திருப்பி வைத்தாலே பாதித் தூள் குறையும்.

தென்னையும் பனையும் இதில் அறுபடுமா?

அறுபடும். ஆனால் வெளிச்சுற்று வைரம், நடு மெத்து. சாதாரணப் பிளேடு சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய பிளேடு மேலும் கீழும் அலையும், ஆளும் வேகமாக அழுத்தித் தள்ளத் தொடங்குவார், அங்கேதான் பிளேடு அறும். முனையில் கடின உலோகம் வைத்த பிளேடு வாங்குங்கள், அல்லது கையில் நாலைந்து தீட்டிய பிளேடு வைத்துக்கொண்டு தயங்காமல் மாற்றுங்கள்.

என் மச்சானும் பையனும் கூட வருகிறார்கள். யார் என்ன செய்ய வேண்டும்?

திராட்டில் ஒருவர் கையில் மட்டும். அவர் சொன்னால்தான் மற்றவர் பலகையைத் தொட வேண்டும். சத்தத்தில் பேச்சு எடுபடாது, அதனால் கைச்சைகையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையை உயர்த்தினால் நிறுத்து. 'நிறுத்து' என்பதை மட்டும் யார் காட்டினாலும் உடனே நிறுத்த வேண்டும், மச்சான் மாமன் பார்க்கக் கூடாது. பையனுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் எந்திரத்துப் பக்கம் வேலை கொடுக்காதீர்கள். குடித்தவர் யாராக இருந்தாலும் அன்று கூலியைக் கொடுத்தாவது வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

வெட்டுப்பட்டால் முதலில் என்ன செய்வது?

எஞ்சினை அணையுங்கள். சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். மஞ்சள், காப்பித்தூள், மரத்தூள் எதுவும் வைக்க வேண்டாம். கையிலோ காலிலோ ரத்தம் பீய்ச்சி அடித்து, அழுத்தியும் நிற்கவில்லை என்றால், காயத்துக்கு மேலே மூன்று அங்குலம் தள்ளி அகலமான துணியைச் சுற்றி, குச்சி கொடுத்து முறுக்கி ரத்தம் நிற்கும்வரை இறுக்குங்கள். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள், மருத்துவமனையில் அவிழ்த்துக்கொள்வார்கள்.

விரல் துண்டானால் அதைத் தேடி எடுத்து, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீருக்குள் வையுங்கள். விரலில் ஐஸ் நேராகப் படக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், ராணிப்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையோரம் இருக்கும் சி.எம்.சி. வளாகத்தின் விபத்துப் பிரிவும் இந்தப் பகுதியில் உள்ளன. எந்தத் தோப்புக்குப் போனாலும் அங்கே செல்போன் சிக்னல் கிடைக்கிறதா, ஆம்புலன்ஸ் எதுவரை வரும் என்பதைக் காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒடுகத்தூருக்கு மேலே மலைப்பக்கம் போகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். எல்லாருக்கும் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கட்டும்.

ஐப்பசி மழையில் சும்மா நிற்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் விட்டால் கார்பரேட்டர் அடைத்துக்கொள்ளும், ஐடிலிங் தாறுமாறாகும், நிற்க வேண்டிய பிளேடு தவழும். டேங்கையும் கார்பரேட்டரையும் வடித்துவிட்டு, பிளேடைக் கழற்றி எண்ணெய் தடவி மழை படாத இடத்தில் தொங்கவிடுங்கள். மழை விட்டுத் திரும்ப எடுக்கும்போது எலி கடித்த ஒயர், துருப்பிடித்த திராட்டில் கேபிள், வெடித்த பெல்ட் மூன்றையும் பாருங்கள். கேபிளை இழுத்து விட்டால் அது தானாகத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் புதுக் கேபிள் போட்ட பிறகு எஞ்சினைக் கிளப்புங்கள்.